பாணுக்குப் பாடுபட்டவர்

செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. மன்னார்ச் சந்தை வாசலில் நான் நண்டு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். கூரையில் குழாய் கட்டிய முச்சக்கர வண்டி ஒன்று மெதுவாகக் கடந்து போனது. காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்புச் சகோதரியும், இன்னார் இன்னாரின் பாசமிகு மாமியுமான செல்வி பிலோமினா இறைபதம் அடைந்தார் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போனது.

மகள், சகோதரி, மாமி. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்ததாம். வாழ்நாளில் பாதியை ஒரு அரச கந்தோரில் மொழிபெயர்ப்பாளராகக் கழித்தவர் என்று ஒரு வரி கிடையாது. வண்டி இரண்டாம் தரம் வந்தபோது நான் அதை மறித்தேன். அவர் மொழிபெயர்ப்பாளர், அதையும் சேர்த்துச் சொல்லும் என்று சாரதியிடம் சத்தம் போட்டேன். அந்த மனிதர் பயந்துபோய், கையிலிருந்த கடதாசியைக் காட்டினார்.

"ஐயா, எழுதித் தந்ததைத்தான் நான் வாசிக்கிறன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுதித் தந்ததை எழுதித் தந்தபடி சொல்லும் ஒழுங்கு அந்தச் சாரதியிடம் இருந்தது. ஒரு காலத்தில் என்னிடம் அது இருக்கவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

பிலோமினா மிஸ் மீது ஒரு பழி இருந்தது. ஓலைத்தொடுவாயிலும் அதையடுத்த கரையோர ஊர்களிலும் கணவன்மார் காணாமற்போன பெண்கள் பலருக்குக் கிடைக்கவேண்டிய உதவி அவர் செய்த மொழிபெயர்ப்புப் பிழையால் கிடைக்காமற் போனது என்பது அந்தப் பழி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அவர் குழிவரை கொண்டுபோய்விட்டார். பாவம் என்னுடையது. அவரைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதை வாசிக்கவேண்டும்.

எந்தக் கந்தோர் என்று நான் எழுதவில்லை. அதில் அன்று இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதும். சண்டைக் காலத்தில் நான் அங்கே தட்டச்சாளராகச் சேர்ந்தபோது மிஸ் ஏற்கெனவே பழையவர். பதிவறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, அட்டை கழன்று நூலால் தைத்த ஒரு தடித்த ஆங்கில அகராதி. அவ்வளவுதான் அவருடைய இராச்சியம். ஆனால் அவர் வேலை செய்யும் விதம் எவருக்கும் பிடிக்கவில்லை. சிக்கலான சொல் ஒன்று வந்தால் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார். விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து தங்கள் அலுவலுக்காகக் காத்திருக்கும் சனத்திடம், இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பார். மீன் வியாபாரியிடம் கேட்பார், தோட்டக்காரரிடம் கேட்பார், தொப்பி போட்ட பெரியவர்களிடம் கேட்பார். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்துதான் எழுதுவார்.

இத்தனை பெரிய அகராதியை வைத்துக்கொண்டு வாங்கிலுள்ளவர்களிடம் என்ன கேள்வி என்று தலைமைக் கிளாக்கர் ஒருநாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மிஸ் தலை நிமிரவில்லை.

"அகராதி வந்து படிவம் நிரப்பாது சேர். அவையள்தான் நிரப்பப் போயினம்."

நாங்கள் சிரித்தோம். தலைமைக் கிளாக்கர் சிரிக்கவில்லை. அதை அவர் மறக்கவும் இல்லை.

பிறகு அந்தப் படிவம் வந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள் என்று கரையெங்கும் ஆண் இல்லாத வீடுகள் பெருகியிருந்த நேரம். பெண் ஒருத்தி தனியே உழைத்துச் சீவிக்கும் குடும்பங்களுக்கு நண்டு வலையும் தோணியில் பங்கும் கொடுப்பதற்கு ஒரு திட்டம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் நிரப்பவேண்டிய முதற் கட்டத்தில் குடும்பத்தின் 'பிரெட்வின்னர்' யார் என்று கேட்டிருந்தது.

பிரெட் என்றால் பாண், வின்னர் என்றால் வென்றவர், பாணை வென்றவரா என்று நான் பகிடி விட்டேன். மிஸ் சிரித்துக்கொண்டே அகராதியை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்தச் சொல்லின் இரண்டாவது பாதிக்கு வேர் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினார். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெற்றி என்பது முதற் கருத்து அல்லவாம். பாடுபடுவது, மாய்வது, மல்லுக்கட்டுவது என்பதுதானாம். பாடுபட்டதால் கிடைப்பது என்ற கருத்தும் வெல்வது என்ற கருத்தும் அதிலிருந்து பிறகு வளர்ந்தவையாம். நாங்கள் சோறு என்று சொல்லி எல்லாச் சாப்பாட்டையும் குறிப்பதுபோல அவர்கள் பாண் என்று சொல்லிக் குறிக்கிறார்களாம்.

"பாணுக்குப் பாடுபடுறவர். அவ்வளவுதான் தம்பி," என்றார். "இதிலை ஆம்பிளை எண்டும் இல்லை, தலைவர் எண்டும் இல்லை. ஆம்பிளையள் பிறகுதான் இந்தச் சொல்லைத் தங்கடை ஆக்கிக்கொண்டினம்."

இன்னொன்றும் சொன்னார். ஒருவர் எந்தக் கருவியை வைத்து உழைக்கிறாரோ அந்தக் கருவிக்கும் ஒரு காலத்தில் அதே பெயர் இருந்ததாம். அப்படியானால் வலையும் பிரெட்வின்னர்தான் என்றார். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வழக்கம்போல எழுந்து வாங்குக்குப் போனார். அன்று அங்கே ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த மரியசீலி இருந்தார். கணவர் கடலுக்குப் போய் மூன்று வருடம். தோணியும் வரவில்லை, உடலும் வரவில்லை. பிறர் வலையில் நண்டு கழற்றி, மீன் காயவைத்து நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் நண்டு கடித்த வடு. வீட்டில் அடுப்பெரியப் பாடுபடுகிறவரை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள் என்று மிஸ் கேட்டார். உழைச்சுப் போடுறவர் என்று மரியசீலி சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்களும் ஓம் என்றார்கள். மிஸ் திரும்பி வந்து முதற் கட்டத்தில் எழுதினார்: குடும்பத்துக்கு உழைத்துப் போடுபவரின் பெயர்.

மறுநாள் மிஸ்ஸுக்கு மலேரியாக் காய்ச்சல். லீவில் போகுமுன் மொழிபெயர்ப்பாளர் வைக்கவேண்டிய கையெழுத்தைத் தனித் தாளில் வைத்து என்னிடம் தந்தார். அடித்துவிட்டுச் சரிபார்த்து இணைக்கும்படி சொன்னார். என்னை அவ்வளவு நம்பினார்.

இப்போதுள்ளவர்களுக்கு ஸ்டென்சில் தெரியாது. மெழுகுத் தாளில் தட்டச்சு எழுத்து வெட்டும், பிறகு அதை றோணியோ மெசினில் சுற்றிப் பிரதி எடுப்போம். இராணுவத் தடைமுகாம்களைத் தாண்டி ஸ்டென்சில் பெட்டி வந்து சேர்வதே பெரும் பாடு. மேசை லாச்சியில் இரண்டு தாள்தான் கிடந்தது. முதற் தாளைப் பழுதாக்கிவிட்டேன். இரண்டாவதில் கட்டத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டேன். மிஸ் எழுதிய வரி அதற்குள் அடங்கவில்லை. தலைமைக் கிளாக்கர் தலைக்கு மேலே நின்று அவசரப்படுத்தினார். வரி அடங்கவில்லை என்று சொன்னேன்.

"குடும்பத் தலைவர் எண்டு அடியும். எல்லாப் படிவத்திலையும் அப்பிடித்தானே கிடக்கு," என்றார்.

அடித்தேன். கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. அன்று நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மிஸ் கையெழுத்து வைத்த தாளை இணைத்து அனுப்பினேன். அவர் கைப்பட எழுதிய பிரதியை என் லாச்சியில் போட்டேன்.

படிவங்கள் கரையெங்கும் போயின. எங்கள் கரையில் கணவன் காணாமற்போன பெண், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதமாட்டார். கணவர் படத்துக்கு மாலை போடமாட்டார், தாலியைக் கழற்றமாட்டார். அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தால், சுகமாகத் திரும்பவேண்டும் என்றுதான் ஒப்புக்கொடுப்பார். அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுவது தன் கையாலேயே அவரைக் குழியில் இறக்குவதுபோல. இது எனக்குத் தெரியாதா? நானும் அந்தக் கரையில் பிறந்தவன்தான். மரியசீலி தன் கணவரின் பெயரை எழுதினார். அவரைப்போல எல்லாரும் எழுதினார்கள். உழைத்துப் போடுபவர் யார் என்று கேட்டிருந்தால் தங்கள் பெயரை எழுதியிருப்பார்கள். அதை எழுத யாரையும் சாகடிக்கத் தேவையில்லை.

படிவங்கள் திரும்பி வந்தன. குடும்பத் தலைவர் உள்ளார், தகுதி இல்லை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு முத்திரை. கடலில் போனவரைக் கடதாசியில் உயிரோடு வைத்து, உயிரோடு இருந்தவர்களைப் பட்டினி போட்டார்கள்.

பெண்கள் வந்தார்கள். மரியசீலி முன்னால் வந்து மிஸ்ஸின் மேசையில் படிவத்தை வைத்தார்.

"மிஸ், உழைச்சுப் போடுறவர் எண்டுதானே எங்களிட்டைக் கேட்டனீங்கள்? பிறகேன் இப்பிடிப் போட்டனீங்கள்?"

காய்ச்சலில் மெலிந்து வந்திருந்த மிஸ் அந்தப் படிவத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். வாசித்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு மெசினில் இல்லாத ஒரு பழுதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிழை எங்களுடையது, திருத்தித் தருகிறேன் என்று மிஸ் மரியசீலியிடம் சொன்னார்.

விசாரணை நடந்தது. தலைமைக் கிளாக்கர் பிலாத்துவைப்போலக் கையைக் கழுவிவிட்டார். மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து இருக்கிறதே என்றார். இது யாருடைய கையெழுத்து என்று மிஸ்ஸைக் கேட்டார்கள். "என்ரை கையெழுத்துத்தான்," என்றார். என் பெயரை எடுக்கவில்லை. அவர் எழுதிய பிரதி என் லாச்சியில், என் முழங்காலுக்கு நேரே இருந்தது. லாச்சியை இழுத்து எடுத்துக் காட்ட எனக்கு எவ்வளவு நேரம் சென்றிருக்கும்? எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. காரணம் அதுதான். இன்று எழுதிப் பார்க்கும்போது அது காரணமாகவே தெரியவில்லை.

மிஸ்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மேசையைப் பதிவறைக்குள் தள்ளினார்கள். ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு வரவில்லை. அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் கையால் மேன்முறையீடு எழுதினார். சிலருக்கு வலை கிடைத்தது. மரியசீலியின் முறை வருமுன் திட்டம் முடிந்துவிட்டது. அவர் மூத்த மகளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார். வகுப்பில் முதலாம் பிள்ளையாம் அது. பிறகு மடு மாதா திருவிழாவில் மிஸ் மரியசீலியைக் கண்டு பக்கத்தில் போயிருக்கிறார். மரியசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். மிஸ் இதை என்னிடம் சொன்னபோது குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏசியிருக்கலாம் அல்லவா? ஒரு தரம் ஏசியிருந்தால் நானும் வாய் திறந்திருப்பேனோ என்னவோ.

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்திருந்த முசலிப் பக்கத்து முஸ்லிம் சனம் ஊர் திரும்பிய காலத்தில் மிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் பிடித்துக் கொண்டச்சிக்குப் போவார். படிவம் நிரப்பத் தெரியாதவர்களோடு இருந்து நிரப்பிக் கொடுப்பார். பேனையைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வீட்டிலை உழைச்சுப் போடுறது ஆர்?" சொல்லப்படுகிற பெயரைத்தான் முதலில் எழுதுவார்.

ஒருநாள் கோவில் வாசலில் அவரைக் கண்டபோது எனக்குத் துணிவு வந்தது. ஏன் மிஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார்.

இப்போது சொல்லட்டுமா என்றேன்.

"எனக்கேன் சொல்லுறீங்கள்? மரியசீலியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

ஓலைத்தொடுவாய் என் வீட்டிலிருந்து தூரமில்லை. நான் போகவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை, பெருநாள் முடிய என்று தள்ளித் தள்ளி மிஸ்ஸின் மரண அறிவித்தலைச் சந்தை வாசலில் கேட்கும்வரை போகவில்லை.

செத்த வீட்டில் மரணப் பதிவுக்கு வேண்டியதை எழுதித் தரும்படி மிஸ்ஸின் அண்ணர் என்னைக் கேட்டார். குடும்ப அட்டையைத் தந்தார். குடும்பத் தலைவர்: அண்ணர். மிஸ்ஸின் பெயருக்கு நேரே: தங்கி வாழ்பவர். அந்த வீட்டுக் கூரை மிஸ்ஸின் சம்பளத்தில் போட்டது. அண்ணரின் தோணிக்கு என்ஜின் வாங்கியது மிஸ். அவருடைய மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தது மிஸ். தங்கி வாழ்ந்தவராம். தொழில் என்ற இடத்தில் ஒன்றும் போடத் தேவையில்லை, பென்சன்காரிதானே என்றார் அண்ணர். நான் மொழிபெயர்ப்பாளர் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பழைய கந்தோரிலிருந்து வந்த ஒரு இளம் அதிகாரி இரங்கலுரை வாசித்தார். அமைதியானவர், அடக்கமானவர், அண்ணனின் நிழலில் வாழ்ந்தவர் என்றார். யார் எழுதித் தந்தார்களோ. நான் எழுந்து நின்று அது பொய் என்று சொன்னேன். என்னைப் பிடித்து இருத்திவிட்டார்கள்.

மிஸ் எழுதிய பிரதி என் சட்டைப் பையில் இருந்தது. அதை மட்டும் நான் எறியவில்லை. சேமக்காலையில் பெட்டியோடு சேர்த்துப் புதைத்துவிட நினைத்திருந்தேன். சேமக்காலை வாசற் படலையடியில் மரியசீலி நின்றார். தலை நரைத்துப்போயிருந்தது. ஒலிபெருக்கி ஓலைத்தொடுவாய்ப் பக்கமும் போயிருக்கிறது. இனியும் தள்ளிப்போட நாள் இருக்கவில்லை. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, சொல்லை மாற்றியவன் நான் என்று சொன்னேன். கட்டம், லாச்சி, விசாரணை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்த வரியை விரல் வைத்து வாசித்தார். வடு இருந்த விரல். திரும்பவும் வாசித்தார். ஏசட்டும் என்று நான் நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"வலை கிடைக்கேல்லை, அது போகட்டும். இருவது வருசத்துக்கு மேலை நான் இவவோடை கதைக்கேல்லையே. அதை ஆர் எனக்குத் தருவினம்?"

இந்தத் தாளைப் பெட்டியில் வைத்துவிடலாமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"இன்னும் மூடி வைக்கப் போறீங்களோ? வெளியிலை எடுத்து எல்லாருக்கும் காட்டுங்கோ," என்று சொல்லி அதை என் கையில் திணித்தார்.

சுவாமியார் செபம் முடித்தார். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு விலகினார்கள். கொண்டச்சியிலிருந்து முக்காடிட்ட பெண்கள் சிலர் வந்து படலைக்கு வெளியே நின்றிருந்தார்கள். மரியசீலி கடைசியாகக் குழி விளிம்புக்குப் போனார். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"மிஸ், ஓலைத்தொடுவாய் மரியசீலி வந்திருக்கிறன்."

அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். பிறகுதான் மண்ணைப் போட்டார்.

போய்வாருங்கள் மிஸ். நீங்கள் எழுதியது சரி. குடும்பத்துக்கு உழைத்துப் போடுபவர் என்று எழுதினீர்கள், வாங்கில் இருந்தவர்களிடம் கேட்டு எழுதினீர்கள். அதை அழித்தவன் நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான். மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய காலம் போய்விட்டது. நான் செய்த பிழையின் கீழ் நீங்கள் கையெழுத்து வைத்திருந்தீர்கள். இனி அங்கே இருக்கவேண்டியது இந்தக் கையெழுத்து.

செ. யோசேப்பு
முன்னாள் தட்டச்சாளர், மன்னார்